அவசரக் குறியீடு கைகொடுக்குமா? பழைய பாலியோவில் இம்மொபிலைசரைச் சோதித்துப் பார்க்கும் முறை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம் ஊரில் முதலில் செய்வது தள்ளுவது. டீக்கடையில் நிற்கும் நாலு பேர் கேட்காமலே வந்து கைகொடுப்பார்கள். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். பத்மினியும் அம்பாசிடரும் ஓட்டியவர்களுக்கு இது கைவந்த வித்தை. இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினைப் பற்றவிடாத மின்னணுப் பூட்டு, உள்ள காரிடம் இது செல்லாது. பேட்டரி புதிது, பெட்ரோல் நிறைய, செல்ஃபும் கணீரென்று அடிக்கிறது; ஆனால் சாவியை அடையாளம் தெரியவில்லை என்று இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு செய்துவிட்டால் பொள்ளாச்சி வரை தள்ளினாலும் அது பற்றாது.

அந்த நேரத்துக்கென்றே சில கார்களில் ஓர் அவசரக் குறியீடு வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பது பலருக்குத் தெரியும். அதை ஒருமுறையாவது போட்டுப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. தீயணைப்புச் சிலிண்டரைச் சுவரில் மாட்டிவிட்டு ஊசி எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பது போலத்தான் இது. 2001இல் இந்தியாவுக்கு வந்த ஃபியட் பாலியோவின் பெட்ரோல் மாடலை வைத்து அந்தச் சோதனையை முழுவதுமாக எழுதுகிறேன். நான் வைத்திருப்பது அதுதான். பாலியோ இல்லாதவர்களுக்கும் சோதனையின் வரிசை பொருந்தும். கடைசியில் மற்ற வண்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான்

ஃபியட் இந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் 'ஃபியட் கோட்'. 1998 அக்டோபருக்குப் பிறகு ஐரோப்பாவில் விற்கும் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம் என்று ஆனபோது எல்லாக் கம்பெனிகளுமே இப்படி ஒன்றைச் செய்துகொண்டன. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவி துவாரத்தைச் சுற்றி ஒரு வளையக் காயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது. சாவியை 'மார்' (ஆன்) நிலைக்குத் திருப்பியதும் காயில் ரேடியோ அலையை அனுப்பும்; அந்த அலையிலேயே சிப் உயிர்பெற்று தன் குறியீட்டைச் சொல்லும். குறியீடு சரியென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி (கோட் பெட்டி) இன்ஜின் கம்ப்யூட்டருக்கு 'விடலாம்' என்று சொல்கிறது. இல்லையென்றால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பற்றாது. சாவியை 'ஸ்டாப்'புக்குத் திருப்பியதும் எல்லாம் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

(சாவி துவாரத்தில் உள்ள 'மார்', 'ஏவிவி' என்ற எழுத்துகள் என்னவென்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இத்தாலிய மொழியில் மார்ச்சா என்றால் ஓட்டம், அவ்வியாமென்ட்டோ என்றால் கிளப்புதல். செல்ஃப் அடிக்கும் இடம்தான் ஏவிவி.)

வண்டியோடு ஒரு சிறிய அட்டை தருவார்கள், கோட் கார்டு. அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, சாவியின் பல் வெட்டுக்கான எண். அது நமக்கு இப்போது வேண்டாம். மற்றொன்று ஐந்து இலக்க மின்னணுக் குறியீடு. நமக்கு வேண்டியது அதுதான்.

அட்டை இல்லாதவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். கைமாறிக் கைமாறி வந்த பாலியோக்களில் முக்கால்வாசிக்கு அட்டை இருக்காது என்பது என் அனுபவம். முதல் உரிமையாளரிடம் கூசாமல் கேளுங்கள். பழைய பைலில், இன்சூரன்ஸ் தாள்களுக்கு நடுவில் கிடக்க வாய்ப்பு உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி. கேட்பது போலவே இரண்டு சாவியையும் அட்டையையும் கேளுங்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் அந்த இரண்டு சாவியைத்தான்.

கிளம்புமுன்

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசல், திறந்தவெளி. மூடிய கராஜ் வேண்டாம். இன்ஜின் ஓடப் போகிறது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்து. அவசரமாக எங்காவது போக வேண்டிய நாளில் இதைத் தொடவே கூடாது.

பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். இன்ஜின் ஓய்ந்து சில மணி நேரம் கழித்து 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சோர்ந்த பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் சரிந்து, கம்ப்யூட்டர்கள் குழம்பி, நல்ல சாவியைக்கூட மறுக்க நேரலாம். அப்புறம் குற்றம் இம்மொபிலைசர் மீதா பேட்டரி மீதா என்று தெரியாமல் நாள் போகும். சோதனையின்போது சாவி பல நிமிடம் மார் நிலையில் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஏசி, ரேடியோ, ஹெட்லைட் எல்லாம் அணைந்திருக்கட்டும்.

டிரைவர் பக்கக் கால்மிதியை எடுத்து வெளியே போடுங்கள். சிரிக்காதீர்கள். குறியீட்டை ஆக்சிலரேட்டரில்தான் போடப் போகிறோம். பெடல் தரை வரை போகாமல் கால்மிதி தடுத்தால் கம்ப்யூட்டர் அதை முழு மிதியாக எடுத்துக்கொள்ளாது.

இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் வைக்காதீர்கள். காயிலுக்குப் பக்கத்தில் இரண்டு சிப் இருந்தால் இரண்டும் ஒரே சமயத்தில் பேசி, ஒன்றும் புரியாமல் போகலாம். இரண்டாவது சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் கட்டம்: விளக்கைப் படிப்பது

நல்ல சாவியை மாட்டி மார் நிலைக்குத் திருப்புங்கள். டேஷ்போர்டில் உள்ள கோட் விளக்கு (இம்மொபிலைசருக்கான எச்சரிக்கை விளக்கு) ஒருமுறை சட்டென்று எரிந்து அணைந்தால் சாவி அடையாளம் தெரிந்துவிட்டது. எரிந்தபடியே நின்றால் தெரியவில்லை. ஸ்டாப்புக்குத் திருப்பி மறுபடி பாருங்கள்.

விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பது வேறு விஷயம். அதைக் கண்டால் பலர் 'வண்டிதான் ஓடுகிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். வண்டிக்குப் பாதுகாப்பே இல்லை, இம்மொபிலைசர் இன்ஜினைக் காக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கோட் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். மின்னழுத்தம் கொஞ்சம் தடுமாறினால் அது தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும். அடுத்து நிறுத்தும் இடத்தில் ஸ்டாப்புக்குத் திருப்பி மறுபடி மாருக்கு வாருங்கள். ஒரு விநாடிக்குள் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் இந்த முறை ஸ்டாப்பில் 30 விநாடிக்கு மேல் விட்டுவைத்துப் பாருங்கள்.

இதே சோதனையை இரண்டாவது சாவியிலும் செய்யுங்கள். அலமாரியில் பத்து வருடம் தூங்கிய சாவி வேலை செய்யும் என்று நம்பிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

இரண்டாம் கட்டம்: மறுக்கிறதா?

குறியீடு திறக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் பூட்டு பூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சோதனைக்குப் பொருளே இல்லை. இம்மொபிலைசரே செத்துக் கிடக்கும் வண்டியில் எந்தக் குறியீடு போட்டாலும் 'வேலை செய்கிறது' என்றுதான் தோன்றும்.

சிப் இல்லாத சாவி ஒன்று வேண்டும். தெருமுனைச் சாவிக்காரரிடம் வெட்டிய சாதாரணச் சாவி போதும். கதவைத் திறக்கும், ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கும், இன்ஜினைக் கிளப்பாது. இதற்காக வெட்ட விருப்பமில்லாதவர்கள் நல்ல சாவியின் தலையில் சமையலறை அலுமினியத் தாளை மூன்று நான்கு சுற்று இறுக்கிச் சுற்றலாம். தலையை முழுவதும் மூட வேண்டும். பல் பகுதி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். தாள் அலையை மறைத்துவிடும், சிப் பேச முடியாது.

சுற்றிய சாவியை மாட்டி மாருக்குத் திருப்புங்கள். கோட் விளக்கு எரிந்தபடி நிற்க வேண்டும், இன்ஜெக்ஷன் விளக்கும் (இன்ஜினுக்கான எச்சரிக்கை விளக்கு) கூடவே. இப்போது செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று விநாடிதான், அதற்கு மேல் வேண்டாம். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பற்றக் கூடாது. பற்றாவிட்டால் பூட்டு நலமாக இருக்கிறது. பற்றிவிட்டால் முதலில் இன்னும் இரண்டு சுற்று தாள் சுற்றிப் பாருங்கள். அப்படியும் பற்றினால் இங்கேயே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். யாரோ முன்பு இம்மொபிலைசரை வெட்டிவிட்டிருக்கலாம்.

மூன்றாம் கட்டம்: ஐந்து எண்ணையும் மிதிப்பது

இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் விளக்கைப் பார்த்து எண்ண, ஒருவர் மிதிக்க. குறியீட்டை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 3-1-4-2-5 என்று வைத்துக்கொள்வோம்.

தாள் சுற்றிய சாவியை ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து, மறுபடி மாருக்குத் திருப்புங்கள். இனி கடைசி வரை ஸ்டாப் பக்கம் போகக் கூடாது.

ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துப் பிடியுங்கள். கார்ப்பரேட்டர் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த இடத்தில் கால் கூசும், பெட்ரோல் கொட்டி இன்ஜின் மூழ்கிவிடுமே என்று. இது இன்ஜெக்ஷன் வண்டி. இன்ஜின் சுற்றாமல் பெடலை மட்டும் மிதித்தால் பெட்ரோல் வராது. இன்ஜெக்ஷன் விளக்கு சுமார் 8 விநாடி எரிந்து அணையும். அணைந்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

இப்போது அதே விளக்கு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கும். எண்ணுங்கள். முதல் இலக்கம் 3. மூன்றாவது சிமிட்டல் முடிந்து நான்காவது வருவதற்குள் பெடலை மறுபடி தரை வரை மிதித்துப் பிடியுங்கள். விளக்கு சுமார் 4 விநாடி எரிந்து அணையும். காலை எடுங்கள். மறுபடி சிமிட்டும். அடுத்த இலக்கம் 1: ஒரே ஒரு சிமிட்டல், மிதி, 4 விநாடி, எடு. பிறகு 4. பிறகு 2. பிறகு 5.

ஐந்தாவது இலக்கத்துக்கு மிதித்த காலை உடனே எடுக்காதீர்கள். விளக்கு 4 விநாடி எரிந்து அணைந்த பிறகே எடுக்க வேண்டும். அப்போது விளக்கு படபடவென்று வேகமாகச் சுமார் 4 விநாடி சிமிட்டினால் குறியீடு ஏற்கப்பட்டது. சாவியை ஸ்டாப்புக்குத் திருப்பாமல், மாரிலிருந்து நேராக ஏவிவிக்குத் திருப்புங்கள். இன்ஜின் பற்றும்.

விளக்கு அணையாமல் எரிந்தபடி நின்றால் எங்கோ தவறு. ஸ்டாப்புக்குத் திருப்பி முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், பூட்டிக்கொள்ளாது. பேட்டரிதான் எல்லை.

நான் முதல் மூன்று முறையும் தோற்றேன். முதல் தடவை அந்த 8 விநாடி விளக்கையே முதல் சிமிட்டல் என்று எண்ணிவிட்டேன். இரண்டாவது தடவை நான்காவது இலக்கத்தில் காலை அரை விநாடி முன்னதாக எடுத்தேன். மூன்றாவது தடவை எண்ணிக்கை சரி, ஆனால் கை பழக்கத்தில் சாவியை ஸ்டாப்புக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்துவிட்டது. ஐந்து இலக்கமும் வீண். நான்காவது தடவை அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் தொடையில் தட்டி எண்ணி, "மாமா, மிதிங்க! இப்ப எடுக்காதீங்க, எடுக்காதீங்க... ம், விடுங்க" என்று நடத்திவைத்தான். பற்றியது. இந்த மூன்று தோல்வியும் வீட்டு வாசலில் நடந்ததால் சிரிக்க முடிந்தது. இதே கூத்து நடுராத்திரியில் வாளையார் செக்போஸ்ட் பக்கம் நடந்திருந்தால் நான்காவது தடவைக்குப் பொறுமை இருந்திருக்காது.

அவன் தொடையில் தட்டிய முறையைச் சிபாரிசு செய்கிறேன். வாயால் எண்ணினால் தமிழில் 'ஒன்னு' சொல்வதற்கும் 'அஞ்சு' சொல்வதற்கும் பிடிக்கும் நேரம் மாறி, தாளம் தவறுகிறது.

நான்காம் கட்டம்: மறுபடி பூட்டிக்கொள்கிறதா?

பெரும்பாலோர் பற்றியதும் கைதட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஸ்டாப்புக்குத் திருப்பி அணையுங்கள். தாள் சுற்றிய அதே சாவியை மறுபடி மாருக்குத் திருப்பி செல்ஃப் அடியுங்கள். பற்றக் கூடாது. குறியீடு ஒரு தடவைக்குத்தான் வழிவிடும்; அணைத்தால் அடுத்த தடவைக்கு மறுபடி ஐந்து எண்ணும் மிதித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் இதை வைத்து வீடு வரும்போது டீ குடிக்கக்கூட இன்ஜினை அணைக்காமல் இருப்பது நல்லது என்பதும், பெட்ரோல் பங்குக்கு முன்னால் அணைக்க வேண்டியிருக்கும் என்பதை யோசித்து வழியைத் திட்டமிட வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரியும்.

கடைசியாகத் தாளைப் பிரித்துவிட்டு நல்ல சாவியால் கிளப்பிப் பாருங்கள். கோட் விளக்கு ஒரு கண்சிமிட்டலில் அணைய வேண்டும்.

சரிவராவிட்டால்

எந்தச் சாவிக்கும் கோட் விளக்கு அணையாமல், குறியீட்டுக்கு மட்டும் வண்டி பற்றினால் சந்தேகம் சாவி துவாரத்துக் காயில் அல்லது அதன் கனெக்டர் மீது. ஒரு சாவிக்கு மட்டும் அணையவில்லையென்றால் அந்தச் சாவியின் சிப். தரையில் விழுந்து தலை உடைந்து, ஒட்டுப் போட்ட சாவிகளில் சிப் வெளியே விழுந்துபோயிருப்பது சகஜம்.

முதல் மிதிக்கே விளக்கு 8 விநாடி எரிந்து அணையவில்லையா? பெடல் முழுதாகப் போகிறதா என்று பாருங்கள்.

அட்டையில் உள்ள எண்ணை எத்தனை கவனமாகப் போட்டாலும் ஏற்கவில்லையென்றால், அட்டை இந்த வண்டியினுடையதுதானா என்று யோசிக்க வேண்டும். இடையில் யாராவது இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றியிருக்கலாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கிய கம்ப்யூட்டரை மாட்டினால் வண்டி ஓடிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏற்கெனவே வேறொரு வண்டியின் கோட் பெட்டியோடு குடும்பம் நடத்தியது. புது வீட்டுக்கு வந்தாலும் பழைய பெயரையே சொல்லும். மாற்றுவதென்றால் ஒரே வண்டியிலிருந்து கம்ப்யூட்டர், கோட் பெட்டி, சாவி மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

புதுச் சாவி பதியப் போகும்போது வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். பதிவின்போது காட்டாத சாவிகளை இது நினைவிலிருந்து அழித்துவிடும். தொலைந்துபோன சாவியைச் செல்லாததாக்க இதுவே வழியும்கூட.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு

எல்லாக் கம்பெனியும் ஆக்சிலரேட்டரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1994இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரில், அதாவது ரசிகர்கள் பி38 என்று சொல்லும் வண்டியில், நான்கு இலக்கக் குறியீட்டை டிரைவர் கதவின் சாவித் துவாரத்தில் போட வேண்டும். முதல் இலக்கத்தைத் திறக்கும் பக்கம் அத்தனை முறை, இரண்டாவதைப் பூட்டும் பக்கம், மூன்றாவதைத் திறக்கும் பக்கம், நான்காவதைப் பூட்டும் பக்கம், கடைசியாக ஒரு திறப்பு. ஒவ்வொரு முறையும் சாவி முழுதாகத் திரும்பி நடுவுக்கு வர வேண்டும். தொடக்கத்தில் செய்ய வேண்டியதை அந்தந்த வண்டியின் கையேட்டில் பாருங்கள். இங்கே கவனிக்க இரண்டு. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சிறிய ஸ்விட்சுகள் தேய்ந்துபோனால் சரியான எண்ணைப் போட்டாலும் வண்டிக்குக் கேட்காது. அந்த ஸ்விட்சுகள் தேய்வதோ அந்த வண்டியின் பிரசித்திபெற்ற வியாதி. அடுத்தது, இந்தக் குறியீட்டு வசதியையே கருவி வைத்து அணைக்கவும் இயக்கவும் முடியும். பழைய உரிமையாளர் எப்படி விட்டுப்போனார் என்பது சோதித்தால்தான் தெரியும். பாலியோ போலல்லாமல், தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் இது கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே கண்ணாடியை இறக்கிவிட்டு, நல்ல ரிமோட்டைப் பையில் வைத்துக்கொண்டு முயலுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் பொதுவாக இப்படிக் குறியீடு கிடையாது. அங்கே சோதிக்க வேண்டியது ரிமோட்டின் நாணய பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை. பேட்டரியைக் கழற்றுங்கள். ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறக்க முடிகிறதா பாருங்கள். சில வண்டிகளில் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும்; அதை நெம்பத் தெரிந்திருக்க வேண்டும். அலாரம் அலறலாம், அக்கம்பக்கத்தில் முன்பே சொல்லிவைப்பது மரியாதை. பிறகு செத்த ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து, பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து முயலுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பற்றும், ஏனென்றால் அதற்குள்ளும் பேட்டரி வேண்டாத அதே வகை சிப்தான் இருக்கிறது. ரிமோட்டின் எந்தப் பக்கம் பட வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

அட்டையை எங்கே வைப்பது?

டேஷ்போர்டு அறைக்குள் வைக்காதீர்கள். திருட வருபவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது அது. வீட்டில் ஆர்.சி. புத்தகத்தோடு அட்டை இருக்கட்டும். எண் மட்டும் உங்களோடு வர வேண்டும். என் பர்ஸில் பழைய மளிகைச் சீட்டு ஒன்றின் பின்னால் ஐந்து பொருளும் விலையும் எழுதியிருக்கிறேன். விலைகளின் கடைசி இலக்கத்தை வரிசையாகப் படித்தால் குறியீடு. வீட்டுக்காரம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். போன மாதம் பர்ஸைச் சுத்தம் செய்தபோது துவரம்பருப்பு இந்த விலைக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார்.